எழுத்தில்லாத் தூபி: பங்கர் குன்று நினைவுச்சின்னமும் அதன் வாசிப்புகளும்

1

இலக்கியத் திறனாய்வு கல்லைப் பற்றிப் பேசலாமா என்ற வினா எழக்கூடும். கல்வெட்டு எனின் எவருக்கும் ஆட்சேபமிராது. எழுத்துப் பொறிக்கப்பட்ட கல்லைச் சாசனவியலாளர் வாசித்துத் தந்த வழியில் நாமும் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் எழுத்தே பொறிக்கப்படாத கல்லொன்றை எவ்வாறு வாசிப்பது? அதனை யார் வாசிக்கிறார்கள்? யாருக்காக வாசிக்கிறார்கள்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பிரச்சினை இதுவே.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், இன்று பொஸ்ரன் நகரின் ஒரு பகுதியாகியுள்ள சாள்ஸ்ரவுணில், 221 அடி உயரமான கருங்கல் தூபி ஒன்று நிற்கிறது. பங்கர் குன்று நினைவுச்சின்னம் என்பது அதன் பெயர். 1825 ஆம் ஆண்டு யூன் 17 ஆந் திகதி அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1843 யூன் 17 இல் அது திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைக்கப்பட்ட அன்று அதன் புறச்சுவரில் ஓரெழுத்தும் இருக்கவில்லை. அந்த நாட்டில் பொதுவெளியில் எழுப்பப்பட்ட பெருங் கல் நினைவுச்சின்னங்களுள் அது காலத்தால் முற்பட்ட ஒன்று. வாஷிங்ரன் நகரிலுள்ள புகழ்பெற்ற தூபிக்கு 1848 இலேதான் அடிக்கல் நாட்டப்பட்டது என்பதை ஒப்புநோக்கின் இதன் முதன்மை விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை அறிந்தோர்க்கு நியூ இங்கிலாந்து அந்நியமான பெயரன்று. 1816 இல் இங்கு பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட சபையினால் அனுப்பப்பட்டோர். அவர்கள் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய 1823 ஆம் ஆண்டிலேயே பங்கர் குன்று நினைவுச்சின்னச் சங்கமும் அங்கு உருவாகியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது எமது வாதமன்று. ஒரு சமூகம் ஒரே காலத்தில் மேற்கொண்ட இரு முயற்சிகள் அவை என்பதை மாத்திரம் இங்கு சுட்டி, தூபியின் வரலாற்றுக்குச் செல்வோம்.

2

தூபி நினைவுகூரும் போர் 1775 யூன் 17 இல் நிகழ்ந்தது. குடியேற்ற நாட்டுப் படையினர் ஒரே இரவில் மண் அரண் எழுப்பினர். அவ்வரண் அமைந்தது பிறீட் குன்றில். ஆயினும் அண்மையிலுள்ள பங்கர் குன்றின் பெயரே போருக்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலேயப் படை இருமுறை தாக்கித் தோற்று, அரணிலிருந்தோரின் வெடிமருந்து தீர்ந்த நிலையில், மூன்றாம் முறை இடத்தைக் கைப்பற்றியது. வெற்றி ஆங்கிலேயருடையது, ஆனால் அவர்களில் 226 பேர் கொல்லப்பட்டு 828 பேர் காயமடைந்தனர். சாள்ஸ்ரவுண் எரிந்து சாம்பலாயிற்று. பயிற்சி பெற்ற பேரரசுப் படையை உழவரும் கைவினைஞரும் எதிர்த்து நிற்க முடியும் என்பதே அப்போரின் செய்தியாகியது.

அரணில் நின்றவர் யாவர்? பெரும்பாலோர் சிறு நிலமுடைய விவசாயிகள், அவர்களது பிள்ளைகள், கைத்தொழிலாளர். ஆபிரிக்க வழித்தோன்றல்களும் அவர்களிடையே இருந்தனர். பீற்றர் சேலம் என்பவர் அடிமையாயிருந்தவர். தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய சேலம் பூர் என்பவரின் தீரத்தைப் பாராட்டி, அதே ஆண்டு டிசெம்பரில், 14 அதிகாரிகள் மசாசுசெற்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினர். நாட்டுக்கு விடுதலை தேடியவர் தம் உடலுக்கு விடுதலை தேடியவராகவும் இருந்தனர் என்பது இப்போரின் அடிப்படை முரண்பாடுகளில் ஒன்று.

போர் முடிந்தபின் மற்றொரு முரண்பாடு வெளிப்பட்டது. வரியாலும் கடனாலும் நிலம் பறிபோகும் நிலைக்குள்ளான மேற்கு மசாசுசெற்ஸ் விவசாயிகள் 1786 இல் நீதிமன்றங்களை மூடக் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவருள் ஒருவரான டானியல் ஷேய்ஸ் பங்கர் குன்றில் போரிட்டவர். பொஸ்ரன் வணிகர் தந்த பணத்தில் திரட்டப்பட்ட படை அக்கிளர்ச்சியை 1787 இல் அடக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பங்கர் குன்று வீரன் அரசின் எதிரியாகிவிட்டான். இந்நிகழ்வை மனங்கொள்ளாது தூபியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

3

தூபிக்கு முன்னோடிகள் இரண்டு உள. 1794 இல் சாள்ஸ்ரவுணின் பிறீமேசன் சங்கத்தார், போரில் மாண்ட தம் உறுப்பினரான வைத்தியர் யோசப் வாறனுக்கு அதே குன்றில் மரத்தூண் ஒன்றை நிறுவினர். அது ஒரு கனவானுக்கு அவரது சங்கத்தார் செய்த மரியாதை. மற்றையது 1799 இல் அயலூராகிய லெக்சிங்ரனில் எழுந்த சிறு கருங்கற் சின்னம். இரண்டாவதனை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும்.

லெக்சிங்ரன் சின்னம் ஊர்ப் பொதுப் புல்வெளியில் நிற்கிறது. அதன் முகப்பில் நீண்ட வாசகம் உண்டு. எழுதியவர் ஊர்க் குருவானவர் யோனாஸ் கிளார்க். 1775 ஏப்பிரல் 19 இல் அவ்விடத்தில் வீழ்ந்த எட்டுப் பேரின் பெயர்கள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் யாவரும் சாதாரண மனிதர். எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் தெரிந்த அயலவர். செலவை மாநில அரசு ஏற்க, ஊரவர் எழுப்பிய கல் என்பதும் அவ்வாசகத்திலேயே கூறப்படுகிறது. இன்னார், இன்ன நாளில், இன்னாரால், இன்ன காரணத்துக்காகக் கொல்லப்பட்டனர் என்று அக்கல் வெளிப்படையாகச் சொல்கிறது. சிற்றூரின் கூட்டு நினைவு அதில் தன் சொந்தக் குரலில் பேசுகிறது எனலாம்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்துப் பங்கர் குன்றில் தொடங்கப்பெற்ற சின்னமோ அதனிலும் பன்மடங்கு உயர்ந்தது, பெயரொன்றும் சொல்லாதது. இம்மாற்றத்தை அழகியல் இரசனையின் மாற்றம் என்று மாத்திரம் விளக்குவது போதாது. ஒபெலிஸ்க் என்னும் எகிப்திய வடிவத்துக்கு மாதிரி வழங்கியோருள் ஒருவர், அப்போது ஹார்வார்ட் மாணவராயிருந்த ஹொறேசியோ கிறீனோ. பின்னாளில் புகழ்பெற்ற சிற்பியாகிய அவர், இடத்தைச் சுட்டிக்காட்டுவதே அவ்வடிவத்தின் பணி, அதற்குமேல் அது எதுவும் சொல்லாது என்ற கருத்தில் தம் தெரிவுக்கு நியாயம் எழுதினார். வடிவத்துக்கும் பயனுக்குமுள்ள உறவை நுட்பமாக உணர்ந்தவர் அவர். எனினும் 'எதுவும் சொல்லாத' வடிவம் அந்த வேளையில், அந்தச் சமூகத்தில், யாருக்குத் தேவைப்பட்டது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. நாம் எழுப்ப வேண்டியுள்ளது.

4

சின்னத்தை எழுப்பிய சங்கத்தின் முன்னணியில் நின்றோர் பொஸ்ரனின் வணிகரும் சட்டத்தரணிகளும் அரசியல்வாதிகளும் ஆவர். அவர்களுள் தோமஸ் ஹன்டசிட் பேர்க்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். இளமையில் கரிபியக் கடலில் அடிமை வணிகத்தில் ஈடுபட்டு, பின்னர் துருக்கி அபினைச் சீனத்துக்குக் கொண்டுசென்று விற்றுச் செல்வம் சேர்த்தவர். தூபிக்கான கருங்கல் பொஸ்ரனுக்குத் தெற்கேயுள்ள குயின்சியில் அகழப்பட்டது. அதனை நீர்க்கரைவரை கொண்டுசெல்ல கிறிட்லி பிறையன்ற் என்ற பொறியியலாளர் சுமார் மூன்று மைல் நீளமான தண்டவாளப் பாதையை அமைத்தார். அதற்குப் பணம் தந்தோருள் முதன்மையானவர் பேர்க்கின்ஸ். மரத் தண்டவாளத்தின்மேல் இரும்புத் தகடு பதித்து, குதிரைகள் வண்டியிழுத்த அப்பாதை 1826 ஒக்ரோபரில் இயங்கத் தொடங்கியது. அந்நாட்டின் வணிக நோக்கான தண்டவாளப் பாதைகளுள் அது மிக முற்பட்டது.

ஆகவே, கடந்தகாலத்தை நினைவுகூரும் கல் வருங்காலத்துக்கான முதலீட்டின் முதல் வாடிக்கையாளனாயிற்று. தூபி முடிந்தபின்னும் பாதை இலாபத்துக்காக இயங்கியது. குயின்சிக் கருங்கல் வேறு நகரங்களின் கட்டடங்களுக்கும் சென்றது. தூபியை அமைத்த சொலமன் வில்லார்ட் தச்சராய்த் தொழில் தொடங்கித் தாமே கற்றுக் கட்டடக் கலைஞரானவர். இப்பணிக்குச் செலவுப்பணம் தவிர வேறு ஊதியம் வாங்க அவர் மறுத்தார். கைவினைஞரின் பழைய ஒழுக்கமும் வணிகரின் புதிய கணக்கும் ஒரே கட்டடத்தில் சந்தித்தன. கல்லை அகழ்ந்து, செதுக்கி, ஏற்றிய தொழிலாளரின் பெயர்கள் தூபியின் எப்பகுதியிலும் இல்லை.

அடிக்கல் நாட்டப்பட்ட 1825 ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியை இங்கு இணைத்து நோக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்பிரலில் பொஸ்ரனின் தச்சுத் தொழிலாளர் ஏறத்தாழ 600 பேர் பத்துமணிநேர வேலைநாள் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். சூரிய உதயம் தொட்டு மறைவுவரை உழைப்பதே அன்றைய வழக்கம். முதலாளித் தச்சர்கள் மறுத்தனர். கட்டடம் கட்டுவிக்கும் கனவான்கள் அவர்களுக்குப் பக்கபலமாய் நின்றனர். வேலைநிறுத்தம் தோற்றது. இரண்டு மாதங்களில் பங்கர் குன்றில் விழா நடந்தது.

5

அவ்விழாவில் பிரான்சிலிருந்து வந்திருந்த லபாயெற் பங்கெடுத்துச் சிறப்பித்தார். பழைய போர்வீரர் பலர் முன்வரிசையில் அமர்த்தப்பட்டனர். பங்கர் குன்றிலேயே போரிட்டோர் ஏறத்தாழ நாற்பதின்மர் அவர்களுள் இருந்தனர். சங்கத்தின் தலைவரான டானியல் வெப்ஸ்ரர் பேருரை நிகழ்த்தினார். அமெரிக்கப் பள்ளிப்பிள்ளைகள் பல தலைமுறைகளாக மனனஞ் செய்த உரை அது. அதனை ஓர் இலக்கியப் பிரதியாகக் கொண்டு நோக்குவோம்.

உரையின் உணர்ச்சிமிக்க பகுதி முதிய வீரரை நேரே விளித்துப் பேசுவதாகும். எரியும் நகரையும் இரத்தத்தையும் பீரங்கி முழக்கத்தையும் சொல்லி, இன்று அவையாவும் அமைதியாகிவிட்டன என வெப்ஸ்ரர் காட்டுகிறார். வீரர் வணக்கத்துக்குரியோராகின்றனர்; ஆனால் வணங்கப்படுவதற்காகவே அங்கு இருக்கின்றனர். அவர்கள் பேசுவதில்லை. இந்த இடத்தில் சட்டமொன்றை நினைவுகூர வேண்டும். 1818 இன் ஓய்வூதியச் சட்டம் வறிய வீரருக்கே உதவி வழங்கியது. 1820 இல் செய்யப்பட்ட திருத்தமோ, வீரன் தன் உடைமைகள் அனைத்தையும் பட்டியலிட்டு, தான் வறியவன் எனச் சத்தியஞ் செய்யவேண்டும் என விதித்தது. மேடையில் நாட்டின் தந்தையர்; நீதிமன்றத்தில் தட்டுமுட்டுச் சாமானைக் கணக்குக் காட்டும் இரவலர். வெப்ஸ்ரரின் உரை முதலாவதைப் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி மௌனஞ் சாதிக்கிறது.

இத்தூபி யார்யாருக்கு எப்படிப் பயன்படவேண்டும் என்று வெப்ஸ்ரர் அடுக்கிச் சொல்லுமிடமும் உண்டு. குழந்தை தாயின் வாயால் இதன் பொருளைக் கேட்டறிய வேண்டும். தளர்ந்த முதுமை இதனைக் கண்டு ஆறுதலடைய வேண்டும். உழைப்பு தன் பாடுகளின் நடுவே அண்ணாந்து பார்த்துப் பெருமை கொள்ள வேண்டும். மூன்றாவது விருப்பமே எமது கவனத்துக்குரியது. இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே நகரத்து உழைப்பு அண்ணாந்து பார்க்கவில்லை. கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நேரே பார்த்தது. பெருமையை அது கேட்கவில்லை, பத்துமணி நேரத்தைக் கேட்டது. வெப்ஸ்ரர் அவ்வேலைநிறுத்தத்துக்கு மறுமொழியாகத்தான் இதைச் சொன்னார் என நாம் கூறவில்லை. உழைப்பை அண்ணாந்து பார்ப்பதாக அன்றி வேறு நிலையில் அவரது சொல்லாட்சியால் கற்பனை செய்ய இயலவில்லை என்பதே நாம் கூறுவது. கருத்துநிலை பெரும்பாலும் இவ்வாறே தொழிற்படுகிறது.

உரையின் முடிவு இன்னும் தெளிவானது. விடுதலைக்கான போர் எம் தந்தையரால் முடிக்கப்பட்டுவிட்டது. எமக்கு எஞ்சியிருப்பது பேணலும் முன்னேற்றமுமே என்கிறார் அவர். புரட்சி முற்றுப்பெற்றது என்ற பிரகடனம் இது. தமது ஆட்சிக்கு வழிதிறந்த புரட்சியை உயர்த்திப் போற்றிக்கொண்டே அதன் கதவை மூடிவிடுதல் வெற்றிபெற்ற பூர்ஷ்வா வர்க்கத்தின் பொதுப் பண்பு. டானியல் ஷேய்ஸ் அதே ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் சிற்றூரொன்றில் வறுமையில் மாண்டார்.

6

தூபி பாதியில் நின்றது. 1820களின் இறுதியில் நிதி தீர்ந்து வேலை தடைப்பட்டது. பின்னர் தொடர்ந்து, மறுபடியும் நின்றது. கடனடைக்கவும் கட்டிமுடிக்கவும் சங்கத்தார் கண்ட வழி விசித்திரமானது: போர்க்களத்தின் பெரும்பகுதியை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்றனர். இடத்தைச் சுட்டிக்காட்டுவதே தூபியின் பணி எனக் கிறீனோ கருதினார் என்று மேலே கண்டோம். சுட்டிக்காட்டும் விரலை முடிப்பதற்காகச் சுட்டப்பட்ட இடம் சந்தைக்குப் போயிற்று. உபயோகப் பெறுமதியைப் பரிவர்த்தனைப் பெறுமதி விழுங்குவதற்கு இதனிலும் கண்கூடான உதாரணம் கிடைப்பதரிது.

எஞ்சிய நிதி வந்த வழிகளும் கருதத்தக்கவை. பருத்தித் துணி வணிகத்தால் பெருஞ்செல்வரான பொஸ்ரன் வணிகர் ஏமொஸ் லோறன்ஸ் 10,000 டொலர் தர முன்வந்தார். நியூ ஓர்லியன்ஸ் வணிகர் யூடா தூரோ அதே அளவு தந்தார். களத்தை விற்காது முழுமையாகக் காக்கவேண்டும் என்று வாதாடியவர் லோறன்ஸ். அவரது தனிப்பட்ட நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் நியூ இங்கிலாந்து ஆலைகளின் பருத்தி தென்மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களில் விளைந்தது என்பதை எந்த நேர்மையும் மாற்றிவிடாது. 1840 செப்ரெம்பரில் பத்திரிகை ஆசிரியை சேரா யோசப்பா ஹேலின் முன்முயற்சியால் பெண்கள் கைப்பணிப் பொருட்களை விற்ற சந்தையொன்று ஒரு வாரத்தில் ஏறத்தாழ 30,000 டொலரைத் திரட்டியது. கனவான்கள் தொடங்கி முடிக்கவியலாததைப் பெண்களின் ஊசிவேலை முடித்துவைத்தது எனலாம்.

பெண்கள் என்றதும் வேறு பெண்களையும் நினைக்க வேண்டியுள்ளது. பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள லோவெல் நகரின் துணியாலைகளில் வேலைசெய்த இளம்பெண்கள், கூலிக்குறைப்பை எதிர்த்து 1834 இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836 இலும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் தம்மைப் புரட்சியில் போரிட்ட மூதாதையரின் புதல்வியராகவே அறிவித்துக்கொண்டனர். தமது எதிர்ப்பை அம்மூதாதையரின் எதிர்ப்பின் தொடர்ச்சியாகக் கண்டனர். வெப்ஸ்ரர் மூடிய கதவை அவர்கள் திறந்தனர். புரட்சியின் நினைவு முழுவதும் ஆளும் வர்க்கத்தின் உடைமையாகிவிட்டது என்று எழுதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

1843 திறப்புவிழாவில் வெப்ஸ்ரர் மீண்டும் பேசினார். இத்தூபியே இன்றைய பேச்சாளன், இதில் எழுத்தெதுவும் இல்லை, தேவையுமில்லை, தன் பொருளை இது தானே உணர்த்தும் என்ற கருத்தை விரித்துரைத்தார். கல் தானே பேசுகிறது என்று சொன்னவர், அது பேசுவதாகத் தாமே பல பக்கங்கள் பேசினார். எழுத்தில்லாமையின் பயன் இங்கு வெளிப்படுகிறது. பெயர் பொறித்த கல் தன்னை வாசிப்பவரைக் கட்டுப்படுத்தும். எட்டுப் பேர் என்று லெக்சிங்ரன் கல் சொன்னால் எவரும் அதனை ஏழாக்கவோ ஒன்பதாக்கவோ முடியாது. பெயர் பொறிக்காத கல்லுக்கு மேடையேறியவரே உரையாசிரியர். மேடையேறும் வசதி எல்லோர்க்கும் கிட்டுவதில்லை.

அன்று மேடையில் இருந்த முதன்மை விருந்தினர் ஜனாதிபதி ஜோன் ரைலர், வேர்ஜீனியாவின் அடிமையுடைமையாளர். முன்னாள் ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் ஏழு வயதில், தாயாருடன் குன்றொன்றில் நின்று, தொலைவில் சாள்ஸ்ரவுண் எரிவதைக் கண்டவர். அவர் விழாவுக்குச் செல்லவில்லை. அடிமையுடைமையாளர் அவ்விடத்தில் கொண்டாடப்படுவதைக் கடுமையான சொற்களால் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

7

பதினோராண்டுகள் கழிந்தன. 1850 இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டத்துக்கு வெப்ஸ்ரர் ஆதரவளித்தார். 1854 யூன் 2 இல், வேர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்த அந்தனி பேர்ன்ஸ் என்பவர், படைவீரர் வரிசைகட்டி நிற்க, பொஸ்ரன் வீதிகளினூடாகத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டும் அடிமையாக அனுப்பப்பட்டார். இரு வாரங்களின் பின் போரின் ஆண்டுநிறைவு வந்தது. 1854 யூன் 17 என்ற அத்திகதியையே ஹேர்மன் மெல்வில் தம் 'இஸ்றேல் பொற்றர்' நாவலின் சமர்ப்பணத்தில் இட்டார். 1855 இல் நூலாய் வெளிவந்த அந்நாவல் மனிதர் எவருக்கும் சமர்ப்பிக்கப்படவில்லை. பங்கர் குன்று நினைவுத் தூபிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

இஸ்றேல் பொற்றர் உண்மையில் வாழ்ந்தவர். பங்கர் குன்றில் காயமுற்று, பின் கடலில் சிறைப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலண்டனில் கதிரை பின்னித் திருத்தி வறுமையில் வாழ்ந்து, முதுமையில் தாயகம் திரும்பியவர். அவரது வாழ்க்கைக் கதை 1824 இல் சிறு நூலாக வெளிவந்தது. அதிலே உண்மையும் புனைவும் கலந்துள்ளன. ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியபோது நாட்டிலில்லை என்பதால் அவருக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது என்று அந்நூல் கூறுகிறது.

சமர்ப்பணத்தில் மெல்வில் தூபியை அரசகுமாரனை விளிப்பதுபோல் விளிக்கிறார். மாட்சிமை என்பதற்கும் உயரம் என்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள ஒற்றுமையைச் சிலேடையாக்குகிறார். கருங்கல்லைத் தவிர வேறு கைம்மாறு எதுவும் பெறாத பெயரறியாப் போர்வீரரின் வரலாற்றாசிரியர் என அதனைப் புகழ்கிறார். மன்னராட்சியை வீழ்த்தியதற்காக எழுந்த தூபி மன்னனின் பட்டத்தால் அழைக்கப்படுவதில் அங்கதத்தின் முதல் வெட்டு விழுகிறது. கல்லைப் பரிசு என்பதில் இரண்டாவது வெட்டு. உண்ணக் கேட்டவனுக்குக் கல்லைக் கொடுத்த கதை வேதாகமம் அறிந்த வாசகருக்கு நினைவுவராமற் போகாது.

நாவலாசிரியர் செய்த ஒரு மாற்றம் மிக முக்கியமானது. பொற்றர் தாயகம் திரும்பியது 1823 இல். மெல்வில் அதனை 1826 யூலை 4 க்கு மாற்றுகிறார்; சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டுநாள். இதனை நாடகத்தன்மைக்காகச் செய்த மாற்றமாகக் கொள்வது எளிது. ஆயினும் 1823 இல் தூபி இல்லை. 1826 இல் அடிக்கல் நாட்டி ஓராண்டாகிறது என்பதை நோக்கினால் மாற்றத்தின் கருத்து துலங்கும். பங்கர் குன்று வீரரைப் போற்றும் பதாகை தாங்கிய ஊர்வல வண்டி, கரையிறங்கிய உண்மையான பங்கர் குன்று வீரனை மோதித் தள்ளிவிடப் பார்க்கிறது. எழத் தொடங்கிய தூபியைக் கிழவன் நீருக்கப்பால் தொலைவில் காண்கிறான். நினைவுச்சின்னம் வளர்வதும் நினைக்கப்படவேண்டியவன் மறைவதும் ஒரே காலத்தில் நடக்கவேண்டும் என்பதற்காகவே திகதி மாற்றப்பட்டது என்று நாம் கருதுகிறோம். வரலாற்றுத் தகவலைப் பிழைபடுத்தி வரலாற்று உண்மையைத் துலக்குவது யதார்த்த இலக்கியத்துக்குரிய உரிமை.

இலண்டனருகே செங்கற் சூளையில் இஸ்றேல் உழைக்கும் பகுதியையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். மனிதரும் களிமண், செங்கல்லும் களிமண் என்ற சிந்தனை அங்கு எழுகிறது. தன் பகைவரின் நகரத்துக்குச் செங்கல் அறுக்கும் அமெரிக்க வீரன், எந்நாட்டிலும் கட்டடத்தின் அடியில் கிடக்கும் பெயரற்ற உழைப்பின் குறியீடாகிறான்.

மெல்வில்லின் எல்லையும் இதுவே. புரட்சியில் பங்குகொண்ட பாட்டன்மாரையும் கடனில் நொடித்த தந்தையையும் கொண்டவர் அவர். வீழ்ந்த கனவானின் மகனுக்குரிய கூர்மையான பார்வை அவருக்கு வாய்த்தது. ஆனால் இஸ்றேல் எப்போதும் தனியன். அவனுடைய துன்பம் விதியாகிறது, கோரிக்கையாவதில்லை. தச்சரும் லோவெல் பெண்களும் அந்நாவலின் உலகில் இல்லை. அங்கதம் தூபியின் மௌனத்தை அம்பலப்படுத்துகிறது. அம்மௌனத்தில் வேறு குரலொன்றை வைக்க அதனால் இயலவில்லை.

8

அதே 1855 இல் பொஸ்ரனில் மற்றொரு நூல் வெளிவந்தது. அமெரிக்கப் புரட்சியில் பங்குகொண்ட கறுப்பினத் தேசபக்தர்களைப் பற்றி வில்லியம் கூப்பர் நெல் எழுதிய வரலாறு அது. நெல் பொஸ்ரன் கறுப்பின மக்களின் தலைவருள் ஒருவர்; வெள்ளைப் பிள்ளைகளிலிருந்து கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைத்த பாடசாலை முறைக்கு எதிராகப் பல்லாண்டு போராடியவர். அப்போராட்டம் அதே ஆண்டில் மாநிலச் சட்டத்தின் மூலம் வெற்றிகண்டது. முன்னதாக அப்பிரிவினையைச் சட்டபூர்வமானது எனத் தீர்த்த பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ, மெல்வில்லின் மாமனார் என்பதையும் இங்கு குறித்துவைக்கலாம். இரு நூல்களும் ஒரே நகரத்தின் ஒரே வரலாற்றுக்கு எத்துணை அண்மையில் நின்றன என்பதை இது காட்டும்.

நெல்லின் நூல் கலைநயத்தால் மெல்வில்லுக்கு ஈடாகாது. விண்ணப்பம், உள்ளூர் வரலாறு, கடிதம், நினைவுக் குறிப்பு ஆகியவற்றின் தொகுப்பு அது. ஆனால் மெல்வில் செய்யாத ஒன்றை அது செய்கிறது: பெயர்களைச் சொல்கிறது. பங்கர் குன்றுப் போரைக் காட்டும் பழைய செதுக்கோவியங்களில் இடம்பெற்ற கறுப்பின வீரன் பிந்திய பதிப்புகளில் காணாமற்போனதை நெல் கவனித்து எழுதுகிறார். அன்றைய நிலையில் இது நுட்பமான படவிமர்சனம். ஓவியத்திலிருந்து மனிதன் அழிக்கப்படுவதும் தூபியில் மனிதனின் பெயர் பொறிக்கப்படாமையும் ஒரே செயலின் இரு வடிவங்கள் என்பதை அவர் இச்சொற்களில் கூறவில்லை. கூறுவதற்கு வேண்டிய சான்றை அவரே எமக்குத் தந்துள்ளார்.

நெல்லுக்கும் எல்லையுண்டு. வீரம் காட்டினோம், ஆகவே உரிமை தருக என்பது அவரது தர்க்கம். உரிமையை வீரத்துக்கான கூலியாக்கும் இத்தர்க்கம், வீரம் காட்ட வாய்ப்பில்லாத பருத்தித் தோட்டத்து அடிமைக்கு என்ன சொல்லும் என்ற வினா எஞ்சுகிறது. எனினும் நினைவை வழிபாட்டிலிருந்து மீட்டு நடைமுறைப் போராட்டத்தின் கருவியாக்கியதில் அவர் மெல்வில்லைக் கடந்து செல்கிறார்.

9

தூபி ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலைச் சாதனம் என்று சொல்லி இவ்வாய்வை ஒரே வரியில் முடித்திருக்கலாம். முற்போக்கு விமர்சனத்தில் அவ்வாறு முடிக்கும் பழக்கம் இல்லாமலில்லை. அந்த வரி பொய்யன்று, ஆனால் போதாது. பேர்க்கின்சின் முதலும் லோறன்சின் கொடையும் வெப்ஸ்ரரின் நாவன்மையும் தூபியை எழுப்பின என்பது உண்மை. அதே போரின் நினைவை ஆலைப் பெண்கள் கூலிக்காகவும், நெல் பாடசாலைக்காகவும், மெல்வில் ஒரு கிழவனுக்காகவும் உரிமை கோரினர் என்பதும் உண்மை. நினைவு ஒரு களம். அங்கும் வர்க்கங்கள் மோதுகின்றன. பொருளாதாரக் குறுக்கல்வாதம் முதல் உண்மையைக் கண்டு இரண்டாவதைத் தவறவிடுகிறது. தூய அழகியல்வாதம் இரண்டையுமே காண்பதில்லை.

இதிலிருந்து விமர்சகர் பெறும் பாடம் எளியது. சின்னத்தின் வடிவத்தை மாத்திரம் வாசித்தல் போதாது. அதன் கல் எங்கிருந்து, யார் கையால், யாருடைய பணத்தில் வந்தது. அதன் நிலத்தை யார் வாங்கினர். அதன் முன்னே யார் பேசினர், யார் பேசாதிருந்தனர் என்பனவும் வாசிப்புக்குரியன. அவற்றோடு, அதனை வேறுவிதமாய் வாசித்தோரின் எழுத்துக்களைத் தேடி அருகே வைத்தலும் எமது கடமை. இலக்கிய வரலாறு கலை வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் செய்யக்கூடிய உதவி இதுவெனக் கருதுகிறோம்.

1881 இல் தூபியின் முன்னே தளபதி வில்லியம் பிறெஸ்கொற்றின் சிலை வைக்கப்பட்டது. 1919 இல் சின்னம் சங்கத்திடமிருந்து மாநில அரசிடமும், 1976 இல் மத்திய அரசின் தேசியப் பூங்காச் சேவையிடமும் கைமாறியது. இன்று எவரும் உள்ளே சென்று 294 படிகளையும் ஏறிப் பார்க்கலாம். அப்படிகளைச் செதுக்கியவர் யாரென்று கல் சொல்லாது. அதனைச் சொல்லும் பொறுப்பு கல்லை வாசிப்போருடையது.